என்கிட்ட ஜின்னு எதுவும் இல்ல

14 செப்டம்பர் 2025, ஞாயிறு

விருதுநகரில் கல்யாண வரவேற்பு. மைக்கைப் பிடித்ததும், என் மேஜிக் ஆட்டத்தை நடத்தும் ஹரிபிரசாத் அண்ணன் இன்றைக்கும் அதையேதான் சொன்னார். "ஏழு வயசுல பாழுங்கிணத்துல விழுந்து, கூடவே ஒரு ஜின்னைக் கூட்டிக்கிட்டு மேல ஏறி வந்தவங்க! மாயராணி தஹ்மீனா!"

நான் எந்தக் கிணற்றிலும் விழவில்லை. ஏழு வயதில் அத்தாவின் மிளகாய் வற்றல் கடையில் சாக்கு மேல் உட்கார்ந்து தும்மிக்கொண்டிருந்தேன். காலேஜில் வீடியோ பார்த்து, கண்ணாடி முன்னால் விரல் வலிக்க வலிக்கச் சீட்டுக்கட்டு பழகினேன். அவ்வளவுதான் என் ஜின்.

ஆட்டம் முடிந்து சாப்பிடப் போனால், பக்கத்து இலையில் இருந்த பெண் தன் பிள்ளையைத் தூக்கி அந்தப் பக்கம் உட்கார வைக்கிறாள். பயமாம். பாதி இலையிலேயே எழுந்துவிட்டேன்.

வண்டியில் கேட்டேன், இந்தக் கதை எதுக்குண்ணே என்று.

"வித்தைன்னு சொன்னா கை தட்டுவான். ஜின்னுன்னாதான் வாயைப் பொளப்பான். நீ கை வேலையைப் பாரு. வாயை எங்கிட்ட விட்டுரு."

விட்டு நாலு வருஷம் ஆகிறது.

19 செப்டம்பர்

ஆட்டத்துக்குப் போடும் ஜிகினா அங்கியை இஸ்திரி போடும்போது தீய்த்துவிட்டேன். கை தவறித்தான். தவறித்தானா?

27 செப்டம்பர், சனி

சிவகாசியில் ஒரு பள்ளிக்கூடம். ஹரி அண்ணன் வர நேரமாகிவிட்டது. பிள்ளைகள் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். நானே மைக்கை எடுத்துவிட்டேன். "நான் இப்ப உங்களை ஏமாத்தப் போறேன். முடிஞ்சா கண்டுபிடிங்க."

ஜின் என்றால் எல்லோரும் பின்னால் சாய்வார்கள். இன்றைக்கு அத்தனை பேரும் முன்னால் நகர்ந்து வந்தார்கள். நான் சீட்டை மறைய வைத்ததும் என் மணிக்கட்டையே முறைத்தார்கள். "கைக்குள்ள இருக்கு, கைக்குள்ள இருக்கு!" என்று கூச்சல். கையை விரித்துக் காட்டினேன். இல்லை. என்ன ஒரு சத்தம்! எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குள் அவர் வந்துவிட்டார். வெளியே வந்ததும், "என் மைக்கை எதுக்குத் தொட்ட?" ஹெட்மாஸ்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றுகூடப் பார்க்கவில்லை. "ஏமாத்துறேன்னு நீயே சொன்னா எவன் அடுத்த ஆர்டர் குடுப்பான்?"

மனுஷனா இவர்.

1 அக்டோபர்

எழுத வேண்டாமென்று நினைத்தேன். எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு வெடி கம்பெனியில் ஆயுத பூஜை. சீசன் முடிகிற நேரம். வேலைக்காரர்கள் எல்லோரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். கடைசி ஐட்டம், மனதிலிருக்கும் பெயரைச் சொல்வது. ஹரி ஒரு அட்டையில் காகிதம் வைத்துக் கொடுப்பார். எழுதியவர் அதை உருவிக் கைக்குள் பொத்திக்கொள்வார். அட்டை திரைக்குப் பின்னால் என்னிடம் வந்துவிடும். அட்டையின் மேல் ஒட்டிய தாளுக்கு அடியில் கார்பன் இருக்கும். எழுதினது அப்படியே பதிந்திருக்கும். வழக்கமாகப் பிடித்த ஊர், பிடித்த பலகாரம் என்றுதான் எழுதச் சொல்வோம்.

இன்று பதிந்திருந்தது 'பொன்மணி'. பிள்ளை பேராக்கும் என்று நினைத்தேன். மேடைக்கு வந்து, கண்ணை மூடி, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். பொ... ன்...

நாற்பத்தைந்து வயதிருக்கும், ஒரு அம்மா எழுந்து நின்றாள். ஹரி மைக்கில், "பொன்மணி செத்து வருசமாச்சு. அவங்கம்மா சண்முகத்தாய் இந்தா நிக்காக. ஜின்னு இப்ப பொன்மணியை இங்கன கூட்டிட்டு வந்திருக்கு! கேளுங்கம்மா, என்ன வேணாலும் கேளுங்க!"

வேறொரு கம்பெனியில் வெடிமருந்து ரூம் தீப்பிடித்துச் செத்த பிள்ளையாம். இந்தக் கம்பெனிப் போர்மேனிடம் ஹரி முன்னாடியே விசாரித்து வைத்திருக்கிறார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சண்முகத்தாய் அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "தாயி, இன்னும் எரியுதான்னு கேளுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் ஹரி சொல்கிறான் — "எரியலையாம்மா! குளுகுளுன்னு இருக்காளாம்!"

கூட்டமே அழுதது. அப்புறம் கை தட்டினார்கள். கை தட்டினார்கள்!

2 அக்டோபர்

நான் ஏன் அங்கேயே இல்லையென்று சொல்லவில்லை? நாசமாப் போற வாய்.

5 அக்டோபர், ஞாயிறு

ஹரியின் கடைக்கே போய்ச் சண்டை போட்டேன். பேனர் அடித்துக்கொண்டிருந்தான். 'இறந்தவர்களுடன் பேசும் தஹ்மீனா' என்று என் முகத்துக்குப் பின்னால் புகை விட்டு.

"கிழிச்சுப் போடு."

"அந்தம்மா ஒரு வருசம் கழிச்சு அன்னைக்குத்தான் தூங்கியிருக்கும். அது தப்பா?"

"தூங்கட்டும்னா அன்னைக்குச் சொன்ன? கூட்டம் பாக்கணும்னுதானே சொன்ன."

"ஆமா. கூட்டம் இல்லாம நீ கண்ணாடி முன்னால கைய ஆட்டிக்கிட்டுத்தான் இருந்த. உன்னை மேடையேத்தினதே என் வாயி."

அண்ணே என்று கூப்பிட்ட வாயைக் கழுவ வேண்டும் போலிருந்தது. அந்த அங்கியை அவன் மேசை மேலேயே எறிந்துவிட்டு வந்துவிட்டேன்.

9 அக்டோபர்

சண்முகத்தாய் வீட்டுக்கே வந்துவிட்டாள். ஆமத்தூரிலிருந்து பஸ் பிடித்து, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு, "இன்னொரு வாட்டி கூப்பிடுங்க தாயி. பசிக்குதான்னு கேக்க மறந்துட்டேன்."

அம்மா உள்ளேயிருந்து என்னை முறைக்கிறாள். "நம்ம வீட்டு வாசல்ல இந்தப் பாவம் வேறயா? அல்லா பொறுப்பானா?" நியாயம்தான். ஆனால் அதை அவள் காதில் விழும்படியா சொல்வது?

இன்றைக்கு முடியாதுக்கா, நானே வீட்டுக்கு வருகிறேன் என்று அனுப்பி வைத்தேன். அதுவும் ஏமாற்றுதான்.

12 அக்டோபர், ஞாயிறு

ஆமத்தூர் போனேன். அட்டையையும் கார்பனையும் எடுத்துக்கொண்டு. எந்த வித்தைக்காரரும் செய்யாத வேலை, தெரிந்தேதான் செய்தேன். அவள் முன்னால் உட்கார்ந்து, அவளையே எழுதச் சொல்லி, தாளைத் தூக்கிக் காட்டினேன்.

"இவ்வளவுதாங்கா. என்கிட்ட ஜின்னு எதுவும் இல்ல. பொன்மணி வரல."

வெகுநேரம் அந்தக் கார்பனைத் தடவிக்கொண்டே இருந்தாள். விரலெல்லாம் நீலம். நன்றி சொல்வாள் என்றா நினைத்தேன்? அப்படித்தான் நினைத்திருக்கிறேன், கேவலம்.

"எதுக்குடி இதைச் சொன்ன?" மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். "இம்புட்டு நாளும் கண்ண மூடினா தீதான் தெரிஞ்சுச்சு. இந்தப் பத்து நாளுதான் அவ சிரிச்சா. அதையும் புடுங்கிட்டுப் போகவா வந்த? உம் மனசு லேசாகணும்னு வந்திருக்க. எந்திரி. எந்திரிச்சு வெளிய போடி!"

அட்டை முற்றத்தில் வந்து விழுந்தது. பக்கத்து வீட்டு ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தரும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை.

அவள் சொன்னது சரியா? என் மனசு லேசாகத்தானா போனேன்?

20 அக்டோபர், தீபாவளி

ஊரே வெடிக்கிறது. ஜன்னலை அடைத்துவிட்டேன்.

8 நவம்பர்

ஹரிக்குப் புது ஆள் கிடைத்துவிட்டாள். கீர்த்திகா என்று ஒரு பிள்ளை. ஜின்னை மாற்றிவிட்டான், இப்போது அம்மன். மஞ்சள் சேலை, நெற்றி நிறையக் குங்குமம், 'ஆத்தா வாக்கு கீர்த்திகா'. என்னைப் பற்றிக் கேட்கிறவர்களிடம், "அவ ஜின்னு கோவிச்சுக்கிட்டுப் போயிருச்சு" என்கிறானாம். எனக்கு இந்த மாதம் ஒரே ஒரு பிறந்தநாள் விழா. கேக் வெட்டியதும் பாதிப் பேர் போய்விட்டார்கள்.

அவன் நாக்கு அழுகட்டும்.

14 டிசம்பர்

சண்முகத்தாய் இப்போது அவன் ஆட்டம் நடக்கிற இடமெல்லாம் போகிறாளாம். முன் வரிசையில் உட்காருகிறாளாம். கார்பனைக் கண்ணால் பார்த்தவள்! அவள் மேலும் கோபமாக வருகிறது. என்ன ஜென்மங்கள்.

17 ஜனவரி 2026, சனி

காலையில் புது நம்பரிலிருந்து போன். சண்முகத்தாய்.

"நேத்து எங்க ஊருப் பொங்கல் விழா. பொன்மணி செத்த கம்பெனிக்காரன்தான் ஹரியைக் கூட்டியாந்து ஆட வச்சான். அந்தக் கம்பெனி மேல நான் கேஸு போட்டிருக்கேன், தெரியுமில்ல?"

தெரியாது என்றேன்.

"அந்த ஆத்தா வாக்குப் பிள்ளை கண்ண மூடி ஆடிக்கிட்டே சொல்லுது, 'அம்மா, கம்பெனி மேல தப்பில்ல, கேஸ வாபஸ் வாங்கு, நான் நிம்மதியாப் போறேன்'னு." மூச்சு வாங்கியது. "எம் மவ அப்பிடிச் சொல்ல மாட்டா. அந்த ரூம்புல சன்னல் இல்லைன்னு அம்புட்டுப் பேரு முன்னாலயும் போர்மேன்கிட்ட மல்லுக்கு நின்னவ அவ. செத்தும் அவனுக்காகப் பேசுவாளா?"

"நீங்க என்னக்கா செஞ்சீக?"

"மேடையேறி அந்த அட்டையைப் புடுங்கினேன். தாளைத் தூக்கி ஊருக்கே காட்டினேன். அவன் என் கையை முறுக்கினான். பொம்பளைக அவனை விட்டு வைக்கல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா, நான் அன்றைக்கு — என்று ஆரம்பித்தேன்.

"நீ பேசாத. உன்னையும் மன்னிக்கல நான். அந்தப் பேரை மொதல்ல மேடையில சொன்னது நீதான். கேஸுக்குச் சாட்சி சொல்லக் கூப்பிட்டா வரணும். இவன் எப்பிடி விசாரிச்சான், எப்பிடிச் சொன்னான்னு எல்லாத்தையும் சொல்லணும். அதுக்குத்தான் போன் பண்ணேன்."

வருகிறேன் என்றேன். வைத்துவிட்டாள்.

31 ஜனவரி

ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஆட்டம். என்னை அறிமுகப்படுத்த ஆளில்லை. சாதாரணச் சுடிதார்தான். மைக்கைப் பிடித்து, "என் பேரு தஹ்மீனா" என்றதுமே பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "கார்பன் எங்கக்கா?"

மொத்தப் பள்ளிக்கூடமும் சிரிக்கிறது. என் நல்ல ஐட்டம் இனி இந்தச் சுற்றுவட்டாரத்தில் செத்தது செத்ததுதான். எரிச்சலில் காது சுட்டது.

"அது வீட்ல இருக்கு," என்றேன். சீட்டுக்கட்டை எடுத்தேன். "இதுல ராணி எங்க இருக்குன்னு சொல்லுங்க பாப்போம்."

முன்னால் நகர்ந்து வந்தார்கள்.