ஏழு நாற்பது வண்டியில் சம்பத் கேட்டது

அன்பு மகன் எபிக்கு,

அப்பா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையால் வீட்டில் நாங்கள் இருவரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது, எனக்குச் சர்க்கரை பழைய அளவில்தான் நிற்கிறது. மஸ்கட்டில் வெயில் கடுமை என்று செய்தியில் பார்த்தோம், தண்ணீர் நிறையக் குடி, உன் சுகத்துக்காகத் தினமும் ஜெபிக்கிறோம். எலியேசர் அங்கிள் இறந்ததை அம்மா போனில் சொல்லியிருப்பாள். அவள் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது, அதைப் போனில் சொல்ல எனக்கு நா எழவில்லை.

தாம்பரத்தில் காலை ஏழு நாற்பது மின்சார ரயிலில் எங்கள் பெட்டி உனக்குத் தெரியும், காலேஜ் நாளில் வெட்கப்பட்டு அடுத்த பெட்டியில் ஏறுவாயே. நம் சபையார், கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தேகாரர் என்று பன்னிரண்டு பேர், குரோம்பேட்டை தாண்டியதும் பாட்டு, எலியேசர் டேம்பரின் தட்டுவார், பல்லாவரத்தில் ஜெபம், அப்புறம் நான் சக பயணிகளுக்குச் சுவிசேஷக் கைப்பிரதி கொடுப்பேன். கிறிஸ்துவுக்குள் நாங்கள் எல்லாரும் ஒன்று என்று பெட்டி முழுக்கக் கேட்கச் சொன்னவன் நான்தான். எழும்பூரில் இறங்கிவிட்டால் அவரவர் சபை அவரவருக்கு.

எலியேசர் முன்பு நம் சபைதான். பொத்தேரிப் பக்கம் ஒரு சின்ன ஜெபவீட்டுக்குப் போய் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தார். அப்படியானால் நாம் குழந்தையில் தண்ணீர் தெளித்துக் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாதா என்று கமிட்டியில் எல்லாருக்கும் கோபம். செயலாளர் நான், எனக்குத்தான் சபை விதி என்றால் உயிராயிற்றே, பதிவேட்டில் அவர் பெயரைச் சிவப்பு மையால் அடித்தேன். மறுநாள் அதே ரயிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பாடினேன். அவருக்கு விஷயம் தெரியும், வழக்கம்போல டேம்பரின் தட்டினார்.

போன மாதம் மாரடைப்பில் போய்விட்டார். அந்த ஜெபவீட்டுக்குக் கல்லறைத் தோட்டம் கிடையாது. அவர் மனைவி ரோஹிணி நம் வீட்டு வாசலில் நின்று, அவரு அப்பா அம்மா படுத்திருக்கிற தோட்டத்துலயே ஓரமா ஆறடி குடுங்கண்ணா என்று கேட்டாள். கமிட்டி கூடியது, ஆயர் என் முகத்தைப் பார்த்தார். ஒருவருக்குத் திறந்தால் எல்லாருக்கும் திறக்க வேண்டிவரும் என்று நான் சொன்னேன், எபி. பாடின இதே வாயால்தான் சொன்னேன். இரண்டு நாள் ஐஸ் பெட்டியில் வைத்திருந்து, கடைசியில் ஊர் இடுகாட்டில் குப்பை கொட்டும் மூலையில் அடக்கம் செய்தார்கள். நானும் போயிருந்தேன், நம் ரயில் பெட்டிக்காரர்கள் என்னை விட்டுத் தள்ளி நின்றார்கள்.

மறு வாரம் ரயிலில் பாட்டு இல்லை. எதிர் சீட்டில் சம்பத் என்று ஒருவர் வருவார், ஒரு பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேன், இந்து, பதினோரு வருஷமாக என் கைப்பிரதியை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைப்பார், ஒன்றும் கேட்டதில்லை. பழக்கதோஷத்தில் அன்றைக்கும் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. நானும் பொண்டாட்டியும் வூட்ல இதெல்லாம் படிச்சிகினுதான் சார் கீறோம், சர்ச்சுக்கு வந்துரலாம்னுகூட ஒரு நெனப்பு இருந்துச்சு, எலியேசர் சாருக்கே இடமில்லன்னா எங்கள எங்க சார் பொதைப்பீங்க என்றார். கோபம் இல்லை, நிஜமாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் மீனம்பாக்கத்திலேயே இறங்கிவிட்டேன்.

செயலாளர் பதவியை விட்டுவிட்டேன், அதனால் எலியேசருக்கு ஆவது ஒன்றுமில்லை. ரோஹிணியிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன், காபி போட்டுக் கொடுத்தாள், குடித்துவிட்டு வந்தேன்.

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, அம்மாவின் முத்தங்கள். அங்கே எல்லாச் சபைக்கும் ஒரே வளாகம் என்று நீ சொன்னபோது சந்தைக்கடையா என்று கேலி செய்தேன், மனதில் வைத்துக்கொள்ளாதே. உங்களில் யாராவது இறந்தால் எங்கே வைக்கிறீர்கள் என்று விசாரித்து மறக்காமல் எழுது. நாளைக்கும் சம்பத் எதிரில்தான் நான் உட்கார வேண்டும்.

உன் அப்பா,
ஜெபகுமார்