போர்டில் இருந்த நம்பர்

ஷார்ஜா

அன்பு மாமாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முதுகுவலி குறைந்ததா? நம் மகள் சினேகா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? போனில் சொன்னால் குறுக்கே பேசுவீர்கள். அதனால்தான் லீவில் கடலூர் வரும் தனக்கோடி அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

சிதம்பரத்தில் ஒரு வீட்டு வாசலில் ‘விற்பனைக்கு, புரோக்கர் வேண்டாம்’ என்றிருந்த போர்டைப் போட்டோ எடுத்து அனுப்பினீர்களே, அந்த நம்பருக்கு நானே வாட்ஸப்பில் பேசினேன். வீட்டுக்கார அமிர்தம் அக்கா இருப்பதும் இதே ஷார்ஜாவில்தான்! நேரில் போனேன். டீ கொடுத்து, மாடிப்படி வழுக்கும், சமையலறையில் வெளிச்சம் போதாது என்று குறைகளை அவரே சொன்னார். இங்கே உழைத்துக் கட்டிய வீடாம். லீவில் தவிர தங்கியதே இல்லையாம். இப்போது மகனோடு கனடா போகிறார்.

“ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்மா. வாடகைக்கு வுட்டுட்டு என்ன மாதிரி இங்கயே கெடக்காத. நீ போயி அதுல குடியிரு,” என்றார்.

வக்கீலிடம் வில்லங்கம் பார்க்கச் சொல்லுங்கள். மழை பெய்யும்போது போய், தெருவில் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். சமையலறை ஜன்னலையும் அளந்து அனுப்புங்கள், திரைத்துணி எடுக்க வேண்டும்.

அண்ணன் கிளம்பிவிட்டார், முடிக்கிறேன். வந்து குடியிருக்கிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன் மாமா, உங்களைக் கேட்காமலே.

உங்கள்
ஸ்ரீமதி