முப்பத்தொரு கோப்புகள்

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இல்லாவிட்டாலும் நீயாகச் சொல்லப் போவதில்லை. போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் அம்மா இருக்கும் அறையில்தான் நாள் முழுக்க நானும் இருக்கிறேன். அவளைப் பற்றி அவள் காதுபடப் பேச எனக்கு வாய் வரவில்லை.

பழைய லேப்டாப் போய்விட்டது. ரிப்பேர் கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, "இதை இன்னுமா வெச்சிருந்தீங்க?" என்று கேட்டார். புதிதாக ஒன்று வாங்கி, நீ எழுதிக் கொடுத்த புரோகிராமை அதில் போட்டோம். திறக்கவே மாட்டேன் என்கிறது. மூன்று நாளாகப் பெரியவர் பேசவில்லை.

தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவுக்கு அந்தப் பேசும் பெட்டியைக் கொடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? அவள் எழுத்துகளை அழுத்த, கரகரவென்று ஒரு ஆம்பிளைக் குரல் வந்ததும் நாம் இரண்டு பேரும் சிரிப்பை அடக்க முடியாமல் வராந்தாவுக்கு ஓடினோம். பெரியவர் என்று பெயர் வைத்தது நீதான். பெட்டி கெட்டுப்போன பிறகு அதன் பொத்தான்களை லேப்டாப்போடு இணைத்து, அவரை உள்ளே கொண்டுவந்து பேச வைத்ததும் நீதான். இந்த வீட்டில் தனக்கு மேல் ஒரு ஆம்பிளை இருக்கிறார் என்று உன் அத்தான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கை நடுக்கத்தில் அவளால் பேனா பிடிக்க முடியாது. போன் கண்ணாடியில் விரல் பட்டால் ஒன்றுக்கு நாலாக எழுத்து விழுகிறது. பெட்டியின் பெரிய பொத்தான்கள் மட்டும்தான் பழக்கம், அதைப் பார்க்காமலே அழுத்துவாள். இப்போது அவற்றைத் துணியால் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சீக்கிரம் ஏதாவது செய்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

பயப்படாதே. பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை, குடியிருந்த வீடுதான் இடிந்துவிட்டது. நான் எழுதியது எமுலேட்டர். பெட்டிக்குள் இருந்த ஒவ்வொரு சில்லும், அதாவது சிப்பும், என்ன செய்யுமோ அதை அப்படியே செய்து காட்டும். உள்ளே ஓடும் பெரியவருக்கு, தான் இன்னும் பெட்டியில்தான் இருக்கிறோம் என்ற நினைப்பு.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எழுதியதை நேற்றுத் திறந்து பார்த்தேன். வெட்கமாக இருந்தது. ஒரே கோப்பில் ஒன்பதாயிரம் வரி. எதைத் தொட்டால் எது விழும் என்று எழுதிய எனக்கே தெரியவில்லை. புது லேப்டாப்பில் ஓடும்படி ஒட்டுப் போட்டால் இரண்டு நாளில் முடிந்துவிடும். ஆனால் அடுத்த வருஷம் மறுபடி இதே கதைதான். அதனால் அடியிலிருந்து ஒழுங்காகத் திருத்தி எழுதிவிடுகிறேன். இணையத்தில் நான் போட்டு வைத்ததை எடுத்து, எங்கெங்கோ இன்னும் சில வீடுகளில் இதை நம்பி இருக்கிறார்கள், அவர்களுக்கும் நல்லது. பத்து நாள் கொடு.

சின்னவன் சரி பண்ணிக்கொண்டிருக்கிறான் என்று அம்மாவிடம் சொல். அத்தானுக்கு என் அன்பு.

உன் தம்பி

மார்ச் 19

அன்புள்ள தம்பிக்கு,

பத்து நாள் என்றாய், பதிமூன்று ஆனது. போகட்டும், வந்து சேர்ந்ததே. இரண்டு வாரத்துக்கு மேல் வாயடைத்துக் கிடந்தவள் முதலில் சொன்ன வார்த்தை என்ன தெரியுமா? "காப்பி ஆறிப்போச்சு." எனக்கு அழுகை வந்துவிட்டது. உன் அத்தான் சமையலறைக்கு ஓடிப் போய்ச் சுட வைத்துக் கொண்டுவந்தார்.

அன்று சாயங்காலமே பாதி வார்த்தையில் நின்றுவிட்டது. அணைத்துப் போட்டால் பேசுகிறது, பிறகு மறுபடியும் நிற்கிறது. நிற்கும்போது, அவள் அடிப்பதைக் காட்டும் அந்த ஒற்றை வரித் திரையும் அப்படியே உறைந்துவிடுகிறது. அம்மா அதைக் கவனிக்காமல் அழுத்திக்கொண்டே போகிறாள். அணைத்துப் போட்டதும் அவள் அடித்ததெல்லாம் போய்விடுகிறது. மறுபடி அடிம்மா என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவளுடைய கோபம்தான் உனக்குத் தெரியுமே.

பார்த்துச் சொல்.

அக்கா

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எனக்கு ஒரு தடவைகூட நிற்கவில்லை. நூறு வாக்கியம் அடித்துப் பார்த்துவிட்டேன், கிளிப்பிள்ளையாகப் பேசுகிறார்.

இனி நின்றதும் உடனே அணைக்காதே. லேப்டாப்பின் மேல் வரிசையில் ஒன்பதாவது விசையை அழுத்து. அந்த நொடியில் பெட்டி எப்படி இருந்ததோ அதை முழுதாக ஒரு கோப்பில் சேமித்துக்கொள்ளும். அதை எனக்கு அனுப்பிவிட்டுப் பிறகு அணை. எவ்வளவு கோப்பு வருகிறதோ அவ்வளவு நல்லது.

உன் தம்பி

ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

இத்துடன் இருபத்திரண்டாவது. ஒன்பதாவது விசையில் எழுத்தே தேய்ந்துவிடும் போலிருக்கிறது.

ஒரு அட்டையில் எழுத்துகளைப் பெரிதாக எழுதிக் காட்டினேன். கண் தெரியவில்லை என்று சைகை காட்டித் தட்டிவிட்டாள். இப்போதெல்லாம் அவள் என்ன கேட்கிறாள் என்று குத்துமதிப்பாகத்தான் செய்கிறேன். பாதி தப்பாகப் போகிறது. ஜன்னல் பக்கம் கை காட்டினால் அகலத் திறந்து வைக்கிறேன். முந்தாநாள் வெகுநேரம் அழுத்திக்கொண்டிருந்தாள். வழக்கம் போல ஒன்றும் வரவில்லை. பிறகு நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். குளிருகிறதாக்கும் என்று போர்வையை இழுத்து விட்டேன். என் கையைத் தள்ளிவிட்டாள். அம்மா என்னை அடித்ததே கிடையாது. அது கிட்டத்தட்ட அடிதான்.

எனக்கு உன் வேலை புரியாது. ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தப் பழையதற்கே ஒட்டுப் போட்டுக் கொடுத்துவிடேன். அசிங்கமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். யார் பார்க்கப் போகிறார்கள்?

அக்கா

ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கஷ்டம் புரிகிறது. இவ்வளவு தூரம் வந்த பிறகு பழையதற்குத் திரும்பினால் எல்லாம் வீண். கோப்புகளைத் திறந்து சில்லுகளின் எண்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். எல்லாவற்றிலும் பேச்சுச் சில்லுக்காகப் பெரியவர் காத்துக்கொண்டு நிற்கிறார், ஏன் என்றுதான் பிடிபடவில்லை. நெருங்கிவிட்டேன். இன்னும் இரண்டு நாள்.

ஒரு நல்ல சேதி. புதிய வடிவத்தைப் பார்த்துவிட்டு, இவ்வளவு சுத்தமாக எழுதிய எமுலேட்டரைப் பார்த்ததில்லை என்று முன்பின் தெரியாத ஒருவர் எழுதியிருக்கிறார். அம்மாவிடம் சொல், சந்தோஷப்படுவாள்.

உன் தம்பி

ஏப்ரல் 11

தம்பி,

நாலு நாள் முன்னால் டாக்டரை வீட்டுக்கு அழைத்தோம். நுரையீரலில் சளி கட்டி ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும் என்றார். "வலிக்குதுன்னு சொல்லவே இல்லையா?" என்று கேட்டார். அவர் கொடுத்த மருந்துக்குக் குறையவில்லை, இன்று காலை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். புறப்படும் முன் அவள் அழுத்தியதை, நீ சொல்லிக் கொடுத்த பழக்கத்தில், சேமித்து அனுப்புகிறேன். முப்பத்தொன்று.

டிக்கெட் கிடைத்தால் உடனே கிளம்பி வா.

அக்கா

மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உன் வீட்டில் மூன்று நாள் இருந்தும் உன் முகத்தைப் பார்த்துப் பேச எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

தப்பு எது என்று போன வாரம் தெரிந்தது. பேச்சுச் சில்லு ஒரு ஒலியைச் சொல்லி முடித்ததும் ஓர் இடத்தில் கொடி காட்டும். பெரியவர் அந்த இடத்தை ஒரு தடவை படிப்பார். படித்ததை வைத்து எதுவும் செய்யமாட்டார். ஆனால் படித்த உடனே கொடி இறங்க வேண்டும், அப்போதுதான் சில்லு அடுத்த ஒலிக்குப் போகும். பழைய ஒன்பதாயிரம் வரியில் அது சரியாகவே இருந்தது. புதிதாக எழுதும்போது, படிக்கிற வேலை படிப்பதோடு நிற்கட்டும், எதையும் மாற்றக் கூடாது என்று ஒழுங்குபடுத்திவிட்டேன். கொடியை இறக்க வேறொரு வழி இருந்ததால் பல நேரம் தப்பியது. பேசிக்கொண்டிருக்கும்போதே அடுத்த பொத்தானை அழுத்தினால் மட்டும் மாட்டிக்கொள்ளும். நான் அடித்துவிட்டுப் பேசி முடிக்கும்வரை காத்திருந்தேன். அம்மா என்றைக்குக் காத்திருந்தாள்?

இது அல்ல நான் சொல்ல வந்தது.

திருத்திய பிறகு சோதித்துப் பார்க்க நீ அனுப்பிய முதல் கோப்பை ஏற்றினேன். நின்ற இடத்திலிருந்து பெரியவர் பேச ஆரம்பித்தார். பேச்சும் திரையும் நின்ற பிறகும் அவள் அழுத்திய எழுத்தெல்லாம் பெட்டியின் நினைவகத்தில் வரிசையாகக் காத்திருந்திருக்கிறது. அக்கா, ஒவ்வொரு கோப்பிலும் அது இருந்தது. நான் ஆறு வாரமாக அந்தக் கோப்புகளைத் திறந்து திறந்து பார்த்தேன். சில்லுகளின் எண்களைத்தான் பார்த்தேன். அம்மா என்ன சொல்ல வந்தாள் என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. தப்பைக் கண்டுபிடிக்காமலே, அதைப் படித்து அன்றன்றைக்கு உனக்கு எழுதியிருக்கலாம். ஐந்து நிமிஷ வேலை. எனக்குத் தோன்றவே இல்லை.

ஏழாவதில் ஜன்னலை மூடு, வெயில் கண்ணில் அடிக்கிறது என்கிறாள். பன்னிரண்டில் ஒரு தலையணையை எடுத்துவிடு, கழுத்து வலிக்கிறது. பதினைந்தில், நீ இளைத்துவிட்டாய், முதலில் போய்ச் சாப்பிடு. பத்தொன்பது, மார்ச் 31: "மூச்சு விட்டா இடது பக்கம் குத்துது. டாக்டரைக் கூப்பிடு."

இதை உனக்குச் சொல்லாமல் மறைத்துவிடலாம் என்று நாலு நாள் நினைத்தேன். மறைத்தால் நான் மனுஷனே இல்லை.

முப்பது கேட்டுவிட்டேன். கடைசியைத் திறக்க என்னால் முடியவில்லை. திருத்திய பதிப்பை அனுப்பியிருக்கிறேன். நீ கேள், அல்லது அழித்துவிடு. நான் செய்தது வேண்டுமென்று செய்ததில்லை என்று மட்டும் ஒரு வரி எழுது அக்கா. வேறு எதுவும் கேட்கவில்லை.

உன் தம்பி

மே 15

தம்பிக்கு,

உன் கடிதத்தை உன் அத்தான்தான் முதலில் படித்தார். இரண்டு நாள் எனக்குக் காட்டவில்லை.

ஏழாவது கோப்பு அன்று ஜன்னலை நான் இன்னும் கொஞ்சம் திறந்து வைத்தேன். பன்னிரண்டு அன்று இன்னொரு தலையணை கொண்டுவந்து வைத்தேன், நன்றாகத் தட்டி, மிருதுவாக்கி. பதினைந்து அன்று எனக்கு நினைவில்லை. சாப்பிட்டிருக்க மாட்டேன். பத்தொன்பது அன்று போர்வை. அவள் ஏன் கையைத் தள்ளினாள் என்று இனி நான் யோசிக்க வேண்டியதில்லை.

நீ வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்றுதான் நினைத்தாய். நான் இரண்டு நாளில் ஆகிற ஒட்டைக் கேட்டேன். ஒரு வரி எழுதச் சொல்கிறாய். உட்கார்ந்து பார்த்தேன், எழுத வரவில்லை.

புதுப் பதிப்பைப் போட்டேன். நன்றாகத்தான் ஓடுகிறது. முப்பத்தொன்றை ஏற்றினேன். அத்தான் எழுந்து வெளியே போய்விட்டார். பெரியவர் பாதியில் விட்ட வார்த்தையை முடித்தார். பிறகு, "சின்னவன் சரி பண்ணிட்டானா? அவனைக் கேளு" என்றார். கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி அதே கேள்வி. அதற்கு மேல் அவள் எதுவும் அழுத்தவில்லை.

கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன். பதில் எழுத வேண்டாம். இனி எதற்கும் எழுத வேண்டாம்.

அக்கா