புரோகிதர் கேட்ட கேள்வி

அன்பு மகனே,

உத்தரகாசியிலிருந்து நீ எழுதிய கடிதம் வந்தது. துறவறம் ஏற்க என் சம்மதம் கேட்டிருக்கிறாய்.

நேற்று என் அம்மாவின் திதி. பிண்டம் உருட்டிக்கொண்டே புரோகிதர், "மாஸ்டர்ஜி, உங்க அப்பா இருக்காரா, இல்லையா? அதுக்குத் தகுந்த மாதிரிதான் மந்திரம்" என்றார். உள்ளறையிலிருந்து உன் தாத்தாவின் குரல் வந்தது: "இல்லைன்னு சொல்லுப்பா! நான் செத்து இருபத்தாறு வருஷமாச்சு."

அது உண்மைதான். ஹரித்துவாரத்தில் கங்கைக் கரையில், துறவறம் ஏற்பவர்கள் செய்வதுபோல் செத்தவராகத் தன்னைக் கருதித் தனக்குத் தானே பிண்டம் வைத்துக்கொண்டு அவர் காவி கட்டியபோது எனக்கு வயது பத்தொன்பது. போன மாதம் இடுப்பெலும்பு முறிந்ததும் மடத்துக்காரர்கள் இங்கே கொண்டுவந்து விட்டார்கள். தினமும் நான்தான் தூக்கிக் குளிப்பாட்டுகிறேன். அப்பா என்றழைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். சுவாமிஜி என்றால்தான் வாயைத் திறக்கிறார். ரொட்டியில் நெய் குறைந்தால் மட்டும் கோபம் வருகிறது. "செத்தவருக்கு நாக்கு மட்டும் சாகலையே" என்கிறாள் உன் அம்மா.

வெளியே அனுப்பவும் முடியவில்லை, அப்பா என்று வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. புரோகிதர் இரண்டு விதமாகவும் மந்திரம் சொல்லிவிட்டுப் போனார்.

உன் தாத்தா என்னிடம் சம்மதம் கேட்கவில்லை. நீ கேட்டிருக்கிறாய். கேட்டதனால் சொல்கிறேன்: சம்மதம் இல்லை.

மீறிப் போவதானால் போ. ஒருநாள் என்னைக் கிடத்திவிட்டு, "இவருக்கு மகன் இருக்கானா?" என்று அதே புரோகிதர் கேட்பார். அதற்குப் பதில் சொல்ல அங்கே உன் அம்மா ஒருத்திதான் நிற்பாள்.

இன்னும் உயிரோடிருக்கும்,
உன் அப்பா