கொடியின் மேல் நான் போட்ட சத்தம்

மார்ச் 4
அணுமின் நிலையம் பற்றிய ஆவணப்படம் என் மேசைக்கு வந்துவிட்டது. ஒலி சேர்ப்பது என் வேலை. மூன்றாவது காட்சியிலேயே அக்காவின் குடியிருப்பு. நிலையத்துச் சுற்றுச்சுவர், அதை ஒட்டிய வடிகால், கொடியில் அவளுடைய மஞ்சள் போர்வை. அத்தானுக்கு அந்த நிலையத்தில்தான் வேலை, பம்ப் பிரிவில். அக்காவுக்கு இது ஐந்தாம் மாதம். டைரக்டரிடம் சொல்லலாமா? சொன்னால் படத்தை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவார். வாயை மூடிக்கொண்டேன்.

மார்ச் 9
"படம் அழகா இருக்கு. பயம்தான் வரல," என்றார் டைரக்டர். கதிர்வீச்சு அளக்கும் கருவியின் டிக் டிக் சத்தத்தைக் குடியிருப்புக் காட்சி முழுக்க ஓடவிட வேண்டுமாம். அங்கே பதிவுசெய்து வந்ததில் கருவி எப்போதோ ஒன்று, எப்போதோ ஒன்று என்று சொட்டுகிறது. எந்த ஊரிலும் அந்த அளவு சொட்டுமாம்.

"கதிர்வீச்ச கண்ணுக்குக் காட்ட முடியாதும்மா. காதுக்குத்தான் காட்டணும்." நியாயம் மாதிரிதான் இருந்தது. கைவசம் இருந்த ஒரு சத்தத்தை எடுத்து அடர்த்தியாக்கினேன். குடியிருப்புப் பிள்ளைகள் ஆடும் ஊஞ்சல் மேல் போட்டேன். கொடி மேலும் போட்டேன். ஓட்டிக் கேட்டபோது எனக்கே பயம் வந்தது. போட்டவளே நான்தான், அப்படியும்.

மார்ச் 10
தூக்கமில்லை.

மார்ச் 21
டிரெய்லர் வந்தது. சாயங்காலமே அக்கா போன் செய்து அழுகிறாள். "அது என் போர்வைடீ. அது மேலயே அந்தச் சத்தம் கேக்குது. வயித்துல இருக்கறது என்ன ஆகும்?" பெட்டி கட்டிவிட்டாளாம், அம்மா வீட்டுக்குக் கிளம்புகிறாளாம். பின்னால் அத்தான்: "படம் காட்டறவன் பேச்சக் கேட்டு ஓடினா, நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வேலைக்குப் போறது?"

தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். அந்தச் சத்தம் நிஜமில்லைக்கா. ஆபீசுல உக்காந்து நான்தான் போட்டேன்.

அக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அப்புறம், "கட்டைல போறவளே, பாதி உயிர் போயிடுச்சு." அப்புறம் சிரிப்பு. நாக்கைத் தட்டி டிக் டிக் என்று எனக்கே செய்து காட்டினாள். "சொந்த அக்காவுக்கேவா பூச்சாண்டி காட்டுவ?" பெட்டியைப் பிரித்துவிட்டாள். எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

மார்ச் 26
எப்படி எழுதுவது இதை.

படத்தில் சேராத துண்டுகளை அழிப்பதற்கு முன்னால் ஒரு தடவை கேட்டுவிடுவது என் வழக்கம். ஒன்றில் மைக் அண்ணன், படப்பிடிப்பில் ஒலிப்பதிவு செய்தவர், கருவியோடு வடிகால் ஓரமாக நடக்கிறார். ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. திடீரென்று தகரக் கூரையில் மழை பிடித்த மாதிரி கொட்டுகிறது. கேமரா ஆடி, படம் மங்கல். அந்த மங்கலிலும் மஞ்சளாகத் தெரிகிறது – அக்காவின் போர்வை.

இது நான் போட்டதில்லை.

மைக் அண்ணனைக் கூப்பிட்டேன். "ஆமா, அந்த ஒரு இடத்துல ஏறுச்சு. நான் சொன்னேன். ஷாட் நல்லால்ல, விடுன்னுட்டார் டைரக்டர்." டைரக்டரைக் கூப்பிட்டேன். "இப்ப எதுக்கும்மா அது? சத்தம்தான் ஏற்கெனவே இருக்கே," என்கிறார்.

அடப்பாவி.

மார்ச் 27
துண்டை அக்காவுக்கு அனுப்பி, இது நிஜம்க்கா, இப்பவே கிளம்பு என்றேன். விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "போன தடவைய விட நல்லா பண்ணியிருக்க." அம்மா மேல் சத்தியம் செய்தேன். "வாயும் வயிறுமா இருக்கறவகிட்ட என்னடீ விளையாட்டு?" என்று வைத்துவிட்டாள். அதற்கப்புறம் எடுக்கவே இல்லை. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என் வினை அவளையல்லவா சுடப் பார்க்கிறது? இன்றைக்கும் துணி துவைத்திருப்பாள். அங்கேதான் நின்று காயப் போட்டிருப்பாள்.

மார்ச் 29
மைக் அண்ணனிடம் கருவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். "வந்துட்டா டிக் டிக்," என்றாள் அக்கா, வாசலிலேயே. நேராகக் கொடிக்குப் போய்க் கருவியைத் தரைப்பக்கம் தாழ்த்தினேன். கொட்டியது. "எந்த பட்டன அமுக்கற, காட்டு," என்று என் விரல்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள்.

அப்போதுதான் அத்தான் வேலை முடிந்து வந்தார். என்னைத் திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். கருவியை வாங்கி முள்ளைப் பார்த்தார். வடிகால் ஓரமாகக் கொஞ்சம் நடந்தார், திரும்பி வந்தார். மறுபடியும் முள்ளைப் பார்த்தார். "அவளோட சேந்துக்கிட்டு நீங்களுமா?" என்று அக்கா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவர் கொடியில் இருந்த துணிகளை ஒவ்வொன்றாக உருவிச் சுவரோரம் போட்டார். போர்வையையும் போட்டார். பிறகு அக்காவின் காலைப் பார்த்தார்.

"செருப்ப வெளியவே கழட்டிடு. பெட்டிய நான் கட்டறேன்."