கழுத்து வரைக்கும்

டிசம்பர் 9

கடையில் இன்று நிற்க இடமில்லை. பண்டிகைக்குப் புதுத் துணியோடு புதுக் கண்ணாடியும் வேண்டுமாம் ஜனங்களுக்கு. நாள் முழுக்கக் குனிந்து ஃபிரேமில் லென்ஸ் பொருத்திக்கொண்டிருந்தேன். எட்டாம் மாத வயிறு மேஜை விளிம்பில் இடிக்கிறது. முதலாளியே பார்த்துவிட்டு ஸ்டூலை எடுத்துவிட்டு முதுகு சாய்கிற நாற்காலி போட்டுக் கொடுத்தார். வீட்டில் யாருக்கும் இப்படித் தோன்றியதில்லை.

வீட்டுக்கு வந்தால் மாமா கிறிஸ்துமஸ் மரத்தை நிறுத்தியிருக்கிறார். பிளாஸ்டிக் கிளையில் பஞ்சை ஒட்டி அதுதான் பனி என்கிறார். ஃபேன் போட்டால் பனி பறக்கிறதென்று ஃபேனை நிறுத்திவிட்டார். வேர்வை ஊற்றுகிறது. பனியைக் காப்பாற்ற நாங்கள் வேக வேண்டுமா?

டிசம்பர் 12

இவருடைய அக்கா, எனக்கு அண்ணி, பண்டிகைக்கு வருகிறாராம். வெளியூர்ப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். வீட்டில் அவருக்குப் பட்டப்பெயரே விசில்தான். எனக்கு ஒரே சந்தோஷம். இந்தக் குடும்பத்தில் என்னிடம் "வேலை எப்படிப் போகுது?" என்று கேட்கிற ஒரே ஆள்.

அத்தைக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. பெற்ற மகள் வருவதற்கு ஒரு தாய் இப்படியா இருப்பாள்?

டிசம்பர் 14

இவர் சாப்பிட்டு முடித்துவிட்டு வார்த்தையை மென்று விழுங்கினார். "பண்டிகைக்கு நீ உங்க அம்மா வீட்டுல போய் ரெஸ்ட் எடேன்."

"ஏன்?"

"இங்க கூட்டமா இருக்கும்."

"அண்ணி ஒருத்தர் வந்தா கூட்டமா?"

ரிமோட்டை எடுத்து உள்ளங்கையில் தட்டினார். நான் விடவில்லை. கடைசியில் கக்கினார்: நான் உண்டாகியிருப்பதே அண்ணிக்குத் தெரியாது. யாருமே சொல்லவில்லை. அண்ணிக்கு இரண்டு முறை தரித்து இரண்டுமே தங்கவில்லை. இரண்டாவது ஆறாம் மாதத்தில் போனது. அது எனக்கும் தெரியும். அதனால்தானாம். "அக்கா மனசு தாங்காது."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அண்ணி வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் இவர் போனைப் பிடிக்கிற தினுசு! என்னைக் கழுத்து வரைக்கும்தான் காட்டுவார். கை வலிக்குமே என்று நான் பாவப்பட்டிருக்கிறேன்! அண்ணி குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காததை அவருடைய வலி என்று நினைத்து நானும் பேச்செடுக்கவில்லை.

"பிறந்ததுக்கு அப்புறம் எங்க ஒளிச்சு வைப்பீங்க? பீரோவுலயா?"

"அப்புறம் பார்த்துக்கலாம்."

எதைக் கேட்டாலும் இதுதான். அப்புறம் பார்த்துக்கலாம்.

டிசம்பர் 15

போகமாட்டேன். சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 17

எழுத்து கோணுகிறது. பரவாயில்லை.

கால் வீங்கிப்போனதால் கடையிலிருந்து சீக்கிரம் வந்தேன். அத்தை பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டே பக்கத்து வீட்டம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் வந்தது தெரியாது.

"நான் பெத்த பொண்ணுதான், இல்லேங்கல. ஆனா ரெண்டு தடவை பறிகொடுத்த கண்ணு. வயித்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டா போதும். என் பேரப்புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரைக் கேக்குறது?"

மனசு தாங்காது என்பதெல்லாம் மேல்பூச்சு. உள்ளே இருப்பது இது. சொந்த மகளுடைய கண்!

நானும்தான் தினமும் ஊர்ப்பட்ட கண்களுக்கு வேலை செய்கிறேன். கிட்டப்பார்வை, தூரப்பார்வை, மாறுகண், புரை எடுத்த கண் எல்லாம் பார்த்தாயிற்று. பிள்ளையைக் கொல்கிற கண்ணுக்கு லென்ஸ் கேட்டு இன்னும் யாரும் வரவில்லை.

இவர் வந்ததும் கேட்டேன். "உங்களுக்குத் தெரியுமா?"

"அம்மா பழைய காலத்து ஆளு..."

"நீங்க எந்தக் காலம்?"

ரிமோட்டைத் தேடினார். அப்படியென்றால் தெரியும். இத்தனை மாசமா தெரியும்! தெரிஞ்சுக்கிட்டே என் பக்கத்துல உக்காந்து போனைப் பிடிச்சிருக்காரு.

டிசம்பர் 18

சாப்பாட்டு நேரத்தில் கடைக்குப் பின்னால் போய் அண்ணிக்குப் போன் போட்டேன். சொல்லிவிட்டேன்.

மைதானத்தில் பிள்ளைகள் கத்துவது மட்டும் கேட்டது.

"எத்தனாவது மாசம்?"

"எட்டு."

"யாரு சொல்ல வேணாம்னாங்க?"

"நீங்க வருத்தப்படுவீங்கன்னு..." கண் விஷயத்தைச் சொல்ல நாக்கு எழவில்லை. அவருடைய அம்மா ஆயிற்றே.

"நான் வருத்தப்பட்டா வருத்தப்பட்டுட்டுப் போறேன். அது என் வருத்தம். அதுக்குக் காவல் இருக்க இவங்க யாரு?"

வைத்துவிட்டார். என்மீதும் கோபமா? இருக்கட்டும்.

டிசம்பர் 20

விஷயம் வெடித்தது. அண்ணி அத்தையைக் கூப்பிட்டு "தெரியும், வர்றேன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அத்தை என்னோடு பேசுவதில்லை. பாத்திரங்கள் பேசுகின்றன. நங், நங்கென்று. மாமா விழுந்த பஞ்சைத் திரும்ப ஒட்டிக்கொண்டிருக்கிறார்.

டிசம்பர் 26

நேற்று எழுத முடியவில்லை. இப்போது வேறு ஊரில், வேறு மேஜையில் எழுதுகிறேன்.

சர்ச்சிலிருந்து நாங்கள் திரும்பின கொஞ்ச நேரத்தில் அண்ணி வந்தார். தானே கார் ஓட்டிக்கொண்டு, தனியாக. அவர் வீட்டுக்காரருக்கு டியூட்டி. வாசலிலேயே என்னை மேலிருந்து கீழே பார்த்தார்.

"நல்லா ஊதியிருக்கு," என்றார். "காலைச் சொல்றேன். உசத்தி வைக்கிறதில்லையா?"

சிரித்தோம். அவ்வளவுதான். அதோடு எல்லாம் சரியாகியிருக்கும். அத்தை விட்டால்தானே?

"நீ உள்ள போய்ப் படு, ரூமுக்கே சாப்பாடு கொண்டு வர்றேன்," என்றார் அத்தை. நான் நகராமல் சாப்பாட்டு மேஜையில் அண்ணிக்கு எதிரே உட்கார்ந்தேன். உடனே அத்தை உள்ளே ஓடிப்போய்க் கம்பளிப் போர்வையை எடுத்துவந்து என் வயிற்றின்மேல் போர்த்தினார். நல்ல உச்சி வெயில். ஃபேன் வேறு இல்லை. கறிக் குழம்பின் ஆவியில் எல்லாருக்கும் முகம் வழிகிறது. எனக்குக் கம்பளி!

"இந்த வெக்கையில எதுக்கும்மா போர்வை?" என்றார் அண்ணி.

"காத்து ஆகாது."

"காத்து எங்கம்மா இருக்கு?"

அண்ணி போர்வையைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்ட தம்பியைப் பார்த்தார். புரிந்துவிட்டது. அந்த முகம் மாறியதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"எனக்காகவா மூடுற?"

"நான் ஒண்ணும் சொல்லலியே..." அத்தை அழ ஆரம்பித்தார்.

"அழாத. என்னைப் பார்த்துச் சொல்லு. என் கண்ணு என்ன பண்ணும்?" குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "சித்தி பொண்ணு சீமந்தத்துக்கு எனக்குப் பத்திரிகை லேட்டா வந்துச்சு. தாய்மாமா வீட்டுப் பேரனுக்கு ஞானஸ்நானம், அதுவும் லேட்டு. நான் தபால்காரரை நிக்க வெச்சுத் திட்டினேன்மா. பாவம் அந்த மனுஷன், மழையில நனைஞ்சுட்டு வந்தாரு."

பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு பையை எடுத்தார்.

நான் போர்வையை உருவித் தரையில் எறிந்தேன். என் பையையும் எடுத்தேன்.

இவர் அப்போதுதான் வாய் திறந்தார். "இந்த நிலைமையில எங்க போற?"

"மூடி வைக்காத வீட்டுக்கு."

மாமா எழுந்துபோய் கேட்டைத் திறந்துவிட்டார். "மெதுவா ஓட்டும்மா," என்றார். தடுக்கவில்லை. அத்தை பக்கம் திரும்பவுமில்லை.

வழியெல்லாம் அண்ணி எதிரே வந்த லாரிக்காரர்களைத் திட்டிக்கொண்டு வந்தார். ஊர் தாண்டியதும் சொன்னார்: "உன்னைப் பார்க்கக் கஷ்டமாத்தான் இருக்கு. பொய் சொல்ல மாட்டேன்."

"தெரியும்ண்ணி."

"வயித்தைத் தொட்டுப் பாருங்கன்னு மட்டும் சொல்லிடாத."

சொல்லவில்லை.

டிசம்பர் 28

இவர் வந்தார். என் மாத்திரைகள், நாலு துணி, செத்த முகம். என்னை "வீட்டுக்கு வா" என்றார். முதலில் அக்காவிடம் பேசுங்கள் என்றேன்.

"மன்னிச்சிடுக்கா."

"எதுக்கு?"

"எல்லாத்துக்கும்."

"எல்லாத்துக்கும்னா ஒண்ணுத்துக்கும் இல்லேன்னு அர்த்தம். ஒவ்வொண்ணா சொல்லு."

வீட்டுப்பாடம் செய்யாத பையனைப்போல் நின்றுகொண்டு சொன்னார். போனைப் பிடித்தது. அம்மாவுக்குத் தலையாட்டியது. என்னை ஊருக்கு அனுப்பப் பார்த்தது. போர்வையைப் பார்த்தும் சோற்றைப் பிசைந்தது. கடைசியைச் சொல்லும்போது குரல் உடைந்தது. அண்ணி எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

அண்ணி மன்னித்திருக்கலாம். அவருக்குத் தம்பி. எனக்கு இன்னும் நெஞ்சு எரிகிறது. பிரசவம் இந்த ஊரில்தான் என்று சொல்லிவிட்டேன். வாரக் கடைசியில் வந்து போகட்டும்.

ஜனவரி 6

கால் வீக்கம் குறைந்திருக்கிறது. கோபம் குறையவில்லை.

ஜனவரி 15

அத்தை இவரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்: "பிள்ளைக்கு ஏதாவது ஆனா நான் பொறுப்பில்ல." யார் அத்தையைப் பொறுப்பெடுக்கச் சொன்னது? படித்துப் படித்துச் சொல்லியும் இவர் அதை அண்ணி காதில் விழும்படி சொல்கிறார். அண்ணி வெளியே போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். ஊற்றிய செடிக்கே திரும்பத் திரும்ப ஊற்றினார்.

ஜனவரி 25

பெண். நேற்றுப் பிறந்தாள். தொண்டை நல்ல தொண்டை.

என்னை உள்ளே கொண்டுபோனபோது இவர் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். பிள்ளையை முதலில் வாங்கியது அண்ணி. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாக, கண்ணெடுக்காமல், அழுதுகொண்டே. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், அந்த அழுகை அவருடையது.

இன்று மத்தியானம் மாமா அத்தையைக் கூட்டிவந்தார். அத்தை அறை வாசலைத் தாண்டவில்லை. பிள்ளை அண்ணி தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். யாரும் வா என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

"நான் தூக்கலாமா?" என்றார் அத்தை. என்னைக் கேட்கவில்லை. இவரையும் கேட்கவில்லை. மகளைப் பார்த்துக் கேட்டார்.

அண்ணி உடனே கொடுத்துவிடவில்லை.

"வெளியில இருந்து வர்ற," என்றார். "போய்க் கையைக் கழுவிட்டு வா."

அத்தை போய்க் கழுவிக்கொண்டு வந்தார்.