ஆறு விரல் செங்கல்

அவன் அம்மாவுக்கு,

நீ பிறந்த வீட்டுக்குப் போனபின் இங்கே மாமரம் இரண்டு முறை காய்த்துவிட்டது.

பள்ளியின் சரித்திரத்தை எழுதச் சொல்லி பிஷப் உத்தரவு. பாதிரிமார் லுவாபுலா ஆற்றில் படகேறி வந்ததையும், விடுதிப் பையன்களே செங்கல் அறுத்துக் கோயில் கட்டியதையும் எழுதிவிட்டேன். புதிதாகச் சேருகிறவன் பச்சைச் செங்கலில் கைபதிக்கும் வழக்கத்தையும்தான்.

விரிசல் விட்ட விடுதிச் சுவரை நேற்று இடித்தார்கள். கொத்தனார் கசோண்டே ஒரு செங்கலோடு வந்தார்.

"சார், இதுல ஆறு விரல் இருக்கு. காய்ச்சல்ல போன உங்க பையன் கைதானே?"

"போய் வேலையப் பாருய்யா," என்றேன்.

செங்கல் என் மேசைமேல் இருக்கிறது. புதுச் சுவரில் உன் கைக்கு எட்டும் உயரத்தில் பதிக்கச் சொன்னேன். எவ்வளவு உயரம் என்று கேட்கிறார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீ வந்து நின்றால்தான் அளக்க முடியும்.

அவன் அப்பா